கெடு தவறாத பட்டன் போன்

தேனி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் பழைய ஒலிபெருக்கி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். மேசையின்மேல் ஒரு மாணவரின் பட்டன் போன் கிடந்தது. திடீரென்று ஒலிபெருக்கி ‘டிட் டிடிட் டிடிட்’ என்று இரைந்தது. போன் அப்போது ஒலிக்கவில்லை. ஒரு விநாடி கழிந்த பிறகே அதன் மணி அடித்தது.

“கூப்பிடுகிறவர் வருவதை ஸ்பீக்கர் முன்கூட்டியே சொல்கிறதே, சார்!” என்று ஒருவர் வியந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். போனுக்குரியவர் மட்டும் கூச்சத்துடன், “என் டச் போன் உடைந்துவிட்டது, சார். இது அப்பாவுடையது. பேச மட்டும்தான் ஆகும். இதில் ஓ.எஸ். கூடக் கிடையாது” என்றார்.

அவருடைய தந்தை கம்பத்துக்கு அருகே தென்னையும் வாழையும் வைத்திருப்பவர். மோட்டார் கொட்டகையில் செல்போன் ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறார். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் அது மோட்டாரை ஓடவிடும். மும்முனை மின்சாரம் வந்ததும் அவர் வீட்டிலிருந்தபடியே இந்தப் போனால் ஓர் அழைப்புக் கொடுப்பது வழக்கம். போன் மகனிடம் வந்துவிட்டதால், ஒரு வாரமாக நள்ளிரவில் டார்ச் விளக்குடன் தோட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தாராம்.

“தம்பி, இதில் ஓ.எஸ். உண்டு. உன் டச் போனின் ஓ.எஸ்.ஸால் செய்ய முடியாத ஒரு வேலையை இது செய்கிறது” என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

வேகம் வேறு, கெடு வேறு

ஒரு கணிப்பொறியில் நினைவகம், திரை, விசைகள் எனப் பல உறுப்புகளும், செய்யவேண்டிய பல பணிகளும் உள்ளன. எந்தப் பணி எப்போது நடக்கவேண்டும், எந்த உறுப்பை யார் பயன்படுத்தலாம் என்று முறைப்படுத்தும் அடிப்படை நிரலே இயங்குதளம். செல்போனும் ஒரு கணிப்பொறிதான். ஆகவே அதற்கும் ஓர் இயங்குதளம் இன்றி ஆகாது.

இயங்குதளங்களில் இரு வகை உண்டு. மேசைக் கணிப்பொறியிலும் டச் போனிலும் உள்ளவை பொதுப்பயன் இயங்குதளங்கள். ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு வேலை முடிகிறது என்பதே அவற்றின் கணக்கு. படம் ஒன்று திறக்க அரை விநாடி தாமதமானால் நமக்குச் சலிப்பு வரும். வேறு கேடு இல்லை. இரண்டாம் வகை, நிகழ்நேர இயங்குதளம். இங்கே ஒவ்வொரு பணிக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் வந்த விடையே விடை. சரியான விடையானாலும் கெடு கடந்து வந்தால் அது தவறான விடைக்குச் சமம்.

நிகழ்நேரம் என்றவுடன் பலர் மிகுந்த வேகம் என்று எண்ணுகிறார்கள். அது சரியன்று. தேர்வு மணி பத்துக்கு என்றால், மின்னல் வேகத்தில் ஓடிப் பத்தே காலுக்கு வருகிறவரைவிட, மெல்ல நடந்து ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுகிறவரே அங்கு வேண்டப்படுகிறவர். சராசரி வேகத்தைப் பற்றி நிகழ்நேர இயங்குதளத்துக்குக் கவலை இல்லை. மிக மோசமான நிலையிலும் எவ்வளவு தாமதமாகும் என்பதற்கு அது ஓர் உச்ச வரம்பை உறுதியளிக்கிறது. செல்போனுக்கு இந்த உறுதி ஏன் வேண்டும்?

எட்டுப் பேருக்கு ஒரே வாய்க்கால்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்களுக்கு முறைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கி வந்து, இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்குப் பாய்கிறது. வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. ஆகவே முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். தன் முறை வந்ததும் மடையைத் திறக்கவேண்டும். முறை முடிந்ததும் அடைக்கவேண்டும். அடைக்கத் தவறினால் அடுத்தவர் வயலுக்குரிய நீர் குறையும், சச்சரவு எழும்.

பட்டன் போன்கள் பேசும் இரண்டாம் தலைமுறைத் தொலைத்தொடர்பு முறைக்கு ஜி.எஸ்.எம். என்று பெயர். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிய முதல் செல்போன் அழைப்பிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. ஜி.எஸ்.எம். முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டுப் போன்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த அலைவரிசைதான் வாய்க்கால். ஒரு முழுச் சுற்று 4.615 மில்லி விநாடி. அதில் ஒவ்வொரு போனுக்கும் 577 மைக்ரோ விநாடி முறை. மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

ஆகவே பேசும்போது போன் தொடர்ச்சியாக அலைகளை வீசுவதில்லை. தன் முறையில் ஒரு துடிப்பு, பிறகு மௌனம், மறுபடி ஒரு துடிப்பு. விநாடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அத்துடிப்பின் ஆற்றல் 2 வாட் வரை உயரக்கூடும். அருகில் உள்ள ஒலிபெருக்கியின் கம்பிகள் அலைக்கம்பிபோல் செயல்பட்டு அத்துடிப்புகளைப் பிடித்துக்கொள்கின்றன. எங்கள் ஆய்வகத்தில் கேட்ட இரைச்சல் அதுதான். அழைப்பு வந்திருப்பதாக டவர் அறிவித்ததும், போன் “இதோ இருக்கிறேன்” என்று டவருக்குப் பதில் அனுப்புகிறது. அதன் பிறகே மணி அடிக்கிறது. ஒலிபெருக்கி முந்திக்கொண்டதன் இரகசியம் இவ்வளவே.

நாம் பேசும் குரலும் இந்தத் துடிப்புகளில்தான் பயணம் செய்கிறது. விநாடிக்கு 8,000 முறை குரலை அளந்து, 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாக, 160 அளவுகளைச் சேர்த்துப் போன் கட்டுகிறது. அதனைச் சுருக்கி 260 பிட்டுகளாக்கி, வழியில் சேதமுற்றாலும் மீட்கும்படி காப்புப் பிட்டுகளைச் சேர்த்து, துடிப்புகளில் பிரித்து அனுப்பவேண்டும். அடுத்த 20 மில்லி விநாடிக்குள் இது முடியாவிட்டால் அடுத்த பொட்டலம் வந்து குவிந்துவிடும். எதிர்முனையில் இருப்பவர் காதில் பேச்சு வெட்டி வெட்டி விழும்.

இதனிடையே போனுக்கு வேறு வேலையும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் டவர் சொல்வதைக் கேட்கவேண்டும். மூன்று முறை கழித்துத் தன் துடிப்பை அனுப்பவேண்டும். மீதியுள்ள இடைவெளியில் அக்கம்பக்கத்து டவர்களின் வலிமையை அளக்கவேண்டும். தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்தில் போகும்போது வழிநெடுக டவர் மாறிக்கொண்டே வந்தும் பேச்சு அறுபடாமல் இருப்பது, இந்த இடைவெளி வேலை ஒழுங்காக நடப்பதால்தான்.

முப்பத்தேழு கிலோமீட்டர் புதிர்

வாய்க்காலில் மடை திறந்த கணமே நீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதேபோல், மின்காந்த அலைக்கும் பயண நேரம் உண்டு. அலையின் வேகம் விநாடிக்கு 3 இலட்சம் கி.மீ. அதாவது ஒரு மைக்ரோ விநாடிக்கு 300 மீட்டர். டவரின் அடியில் நிற்கும் போனின் துடிப்பு உடனே சேரும். 20 கி.மீ. தள்ளி நிற்கும் போன், டவரின் குரலைக் கேட்பதற்கே 67 மைக்ரோ விநாடி ஆகும். அது அனுப்பும் பதில் போய்ச் சேர இன்னும் 67. ஆக 133 மைக்ரோ விநாடி தாமதம். ஆனால் இரு முறைகளுக்கு நடுவே விட்டிருக்கும் வரப்பு 30 மைக்ரோ விநாடி மட்டுமே. தாமதமான துடிப்பு வரப்பைத் தாண்டி அடுத்த போனின் முறைக்குள் புகுந்து இருவர் பேச்சையும் கெடுத்துவிடும்.

இதற்கு ஜி.எஸ்.எம். வகுத்தவர்கள் கண்ட வழி எளிமையானது. தொலைவில் இருப்பவர் முன்னதாகவே புறப்படவேண்டும்! பத்து மணிச் சந்தைக்குக் கம்பத்துக்காரர் உத்தமபாளையத்துக்காரரைவிட முந்திக் கிளம்புவதில்லையா? துடிப்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்று டவர் அளந்து, “இத்தனை படி முன்கூட்டி அனுப்பு” என்று போனுக்குக் கட்டளையிடும். ஒரு படி 3.69 மைக்ரோ விநாடி. போகவரக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 550 மீட்டர் தொலைவுக்குச் சமம். 0 முதல் 63 வரை படிகள் உண்டு. 63-ஐ 550-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 35 கி.மீ. வரும்.

தேனிக்கும் கம்பத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 37 கி.மீ. ஆகவே, தேனியில் உள்ள ஒரு டவர் கம்பத்தின் மலைச்சரிவு ஒன்றிலிருந்து கண்ணுக்கெட்டும்படி தெரிந்தாலும், அலை வலுவாகவே வந்தாலும், சாதாரண ஜி.எஸ்.எம். ஏற்பாட்டில் அதனுடன் பேச விதி இடம் தராது. அலை வலுவிழந்ததால் அன்று, நேரம் போதாததால்! உத்தமபாளையத்துக்கு இந்தத் தடை இல்லை. அது தேனியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 28 கி.மீ. இரண்டு முறைகளை ஒன்றாக இணைத்து இந்த எல்லையை நீட்டும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அப்போது பேசக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைந்துபோகும்.

மலையுச்சியிலும் கடற்கரையிலும் சில வேளைகளில் போனில் கோடுகள் தெரியும், அழைப்பு மட்டும் போகாது. தொலைதூர டவர் ஒன்றின் அலையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். மேகமலைப் பக்கம் போகும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவசர வேளையில் கோடுகளை எண்ணிக்கொண்டு உச்சியிலேயே நிற்பதைவிட, அண்மை ஊரின் டவர் தெரியும் சரிவுக்கு இறங்கிவந்து முயன்றால் அழைப்புக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பள்ளத்தாக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரு பக்கமும் மலை. டவரின் அலை நேராகவும் வரும், மலையில் மோதித் திரும்பியும் வரும். நேராக வந்ததைவிடத் திரும்பி வந்தது 3 கி.மீ. கூடுதலாகப் பயணம் செய்திருந்தால் 10 மைக்ரோ விநாடி பிந்தி வரும். ஒரு பிட்டின் நீளமே 3.69 மைக்ரோ விநாடி. ஆகவே இரண்டு மூன்று பிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிவிடும். இதைத் தீர்க்க, ஒவ்வொரு துடிப்பின் நடுவிலும் முன்பே தெரிந்த 26 பிட்டுகளை டவர் வைத்து அனுப்புகிறது. அவை எவ்வாறு உருமாறி வந்தன என்று பார்த்து, எதிரொலியின் அளவைக் கண்டு, மற்ற பிட்டுகளிலிருந்து போன் அதனைக் கழித்துவிடுகிறது. ஏறத்தாழ 16 மைக்ரோ விநாடி வரை பிந்தும் எதிரொலிகளைச் சமாளிக்குமாறு இது வகுக்கப்பட்டுள்ளது. பேச்சு நடக்கையில் இக்கணக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் புதிதாகப் போடப்படுகிறது. விநாடிக்கு 217 முறை, ஒன்றும் பிந்தாமல்!

நீர்பாய்ச்சியின் விதிகள்

இத்தனை பணிகளையும் ஒரு சிறு போன் எப்படிக் கெடு தவறாமல் முடிக்கிறது? இங்கேதான் நிகழ்நேர இயங்குதளம் வருகிறது. எந்த வயலுக்கு எப்போது நீர் என்று தீர்மானிக்கும் நீர்பாய்ச்சியைப்போல, எந்தப் பணிக்கு எப்போது செயலி என்று அது தீர்மானிக்கிறது. அதன் விதிகள் மூன்று.

முதல் விதி, ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. துடிப்பு அனுப்பும் பணிக்கு மேல்வரிசை. குரலைச் சுருக்கும் பணிக்கு அதற்கு அடுத்த வரிசை. விசை அழுத்தத்தைக் கவனிப்பது அதற்குக் கீழே. திரையில் பாம்பு விளையாட்டு ஓடுவது கடைசி வரிசை.

இரண்டாம் விதி, மேல்வரிசைப் பணி வந்துவிட்டால் கீழ்வரிசைப் பணி அந்தக் கணமே விலகிக்கொள்ளவேண்டும். 1997-இல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்பு விளையாட்டை ஆடியவர்களுக்கு இது தெரியும். பாம்பு இரையை விழுங்கப்போகும் நேரத்தில் அழைப்பு வந்தால், விளையாட்டு அப்படியே நின்று அழைப்புத் திரை வந்துவிடும். “இந்த ஆட்டம் முடியட்டும்” என்று போன் ஒருபோதும் சொல்வதில்லை. டச் போனில் பல செயலிகள் திறந்திருக்கும்போது, மணி அடித்தும் திரை எழாமல் நாம் விரலால் தேய்த்துக்கொண்டிருப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாம் விதி கணிதத்திலிருந்து வந்தது. 1973-இல் சி. எல். லியூ, ஜேம்ஸ் லேலண்ட் என்ற இருவர் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். ஒன்றையொன்று சாராமல் திரும்பத் திரும்ப வரும் பணிகளில், அடிக்கடி வருவதற்கே மேல் முன்னுரிமை தரவேண்டும் என்றும், அப்படித் தந்து செயலியின் மொத்த நேரத்தில் 69 விழுக்காட்டுக்குள் வேலையை அடக்கிக்கொண்டால், பணிகள் எத்தனையாயினும் எந்தக் கெடுவும் தவறாது என்றும் அவர்கள் நிறுவினர். அதாவது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்தைச் சும்மா விட்டுவைத்தால் வாக்குத் தவறாமல் இருக்கலாம். பட்டன் போன் எளிமையாக இருப்பதன் பயன் இங்கே புலப்படும். வேலைகள் குறைவு; ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது முன்பே தெரியும்; ஆகவே கணக்குப் போட்டு உறுதி கூற முடிகிறது. யார் எந்தச் செயலியை எப்போது நிறுவுவார்கள் என்று தெரியாத டச் போனில் இத்தகைய கணக்குப் போடுவது அரிது.

செவ்வாயில் நேர்ந்த சிக்கல்

விதிகள் இருந்தும் இடறக்கூடும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம். 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய அதிலும் ஒரு நிகழ்நேர இயங்குதளமே இருந்தது. சில நாள்களில் அதன் கணிப்பொறி தானாகவே மறுபடி மறுபடி புதிதாய்த் தொடங்கலாயிற்று.

காரணம் இது. வானிலைத் தகவல் சேர்க்கும் ஒரு கீழ்வரிசைப் பணி, பொதுத் தகவல் பாதையின் பூட்டைத் தன்னிடம் வைத்திருந்தது. மேல்வரிசைப் பணி ஒன்று அப்பூட்டுக்காகக் காத்திருந்தது. அந்நேரத்தில் இடைவரிசைப் பணி ஒன்று வந்து, விதிப்படி கீழ்வரிசைப் பணியை விலக்கிவிட்டது. பூட்டை வைத்திருப்பவருக்கு வேலை செய்ய இடமில்லை. ஆகவே பூட்டுத் திறக்கவில்லை. மேல்வரிசைப் பணி காத்தே கிடந்தது. கெடு கடந்ததைக் கண்ட காவல் கடிகாரம் முழுக் கணிப்பொறியையும் மறுபடி தொடக்கியது.

இதற்குத் தீர்வு முன்பே தெரிந்ததுதான். மேலவர் ஒருவர் காத்திருக்கும்போது, பூட்டை வைத்திருக்கும் கீழவருக்கு அந்த மேலவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கவேண்டும். பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அந்த ஏற்பாட்டை இயக்கியதும் விண்கலம் சீரடைந்தது. குறுக்கே வண்டி நிற்கும்போது ஆம்புலன்ஸை மட்டும் விரட்டிப் பயனில்லை. வண்டிக்காரருக்கும் வழி விட்டால்தான் பாதை திறக்கும். இந்த முன்னுரிமைக் கடன், போன்களில் பயன்படும் நிகழ்நேர இயங்குதளங்களிலும் உண்டு.

தூங்கத் தெரிந்த கருவி

பட்டன் போனின் மின்கலம் பல நாள்கள் தாங்குவது எல்லோரும் மெச்சும் ஒன்று. சிறிய திரை ஒரு காரணம். மற்றொரு காரணம் காலக்கணக்கு.

பேசாமல் இருக்கும்போது போன் பெரும்பாலும் தூங்குகிறது. அப்படியானால் அழைப்பு வருவது எப்படித் தெரியும்? 51 சுற்றுகள் சேர்ந்தது ஒரு தொகுதி. அது ஏறத்தாழ 235 மில்லி விநாடி. இரண்டு முதல் ஒன்பது தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது அரை விநாடி முதல் இரண்டு விநாடிக்கு ஒருமுறை, போன் விழித்து நான்கு துடிப்புகளை மட்டும் கேட்கிறது. தனக்கு அழைப்பு இல்லையென்றால் மறுபடி தூங்குகிறது. எந்தத் துடிப்பில் விழிக்கவேண்டும் என்பது சிம் அட்டையில் உள்ள எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. டவரும் அதே கணக்கைப் போட்டு, போன் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் கூப்பிடுகிறது. கேட்கும் நேரம் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பங்குதான்.

ஒரு கணம் பிந்தி விழித்தால் அழைப்பு தவறிவிடும். வெகுமுன்பே விழித்தால் மின்சாரம் வீண். இதற்காகப் போனில் இரு கடிகாரங்கள் உண்டு. ஒன்று விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்தில் இருப்பதும் இதுவே. 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் என்பதால், பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போய்ச் சரியாக ஒரு விநாடியைப் பெறலாம். தூக்கத்தில் எண்ணிக்கொண்டிருப்பது இது. மற்றொன்று 13 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதன் இருமடங்கில் ஓடும் நுட்பமான கடிகாரம். 13 மெகாஹெர்ட்ஸை 48-ஆல் வகுத்தால் ஜி.எஸ்.எம். பிட் வேகமான விநாடிக்கு 2,70,833 கிடைக்கும். விழித்திருக்கையில் டவரின் அலையைக் கேட்டு இக்கடிகாரத்தைப் போன் திருத்திக்கொள்கிறது. அதனைக் கொண்டு சிறு படிகத்தையும் சரிபார்த்துக்கொள்கிறது. நள்ளிரவில் தலைமாட்டில் கிடக்கும் போன், விடியும்வரை ஆயிரக்கணக்கான முறை இப்படி விழித்து விழித்துத் தூங்குகிறது.

எழுதியவர்கள் யார்?

இவ்வகை இயங்குதளங்களின் பெயர்கள் போனின் பெட்டியில் அச்சிடப்படுவதில்லை. அதனால்தான் “ஓ.எஸ். இல்லை” என்ற எண்ணம் வந்திருக்கிறது. மீடியாடெக் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்ட பட்டன் போன்களில் பெரும்பாலும் இருப்பது நியூக்ளியஸ். ஸ்பிரெட்ரம் என்றும் பிறகு யூனிசாக் என்றும் பெயர்கொண்ட நிறுவனத்தின் சில்லுகளில் அடிப்படையாக இருப்பது த்ரெட்எக்ஸ். இவ்விரண்டின் மூல ஆசிரியரும் வில்லியம் லேமி என்ற ஒரே பொறியாளர். முதலாவது 1990-களின் முற்பகுதியில் வந்தது; இரண்டாவது 1997-இல் வந்தது. 2019-இல் த்ரெட்எக்ஸை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, 600 கோடிக்கு மேற்பட்ட கருவிகளில் அது இயங்குவதாக அறிவிக்கப்பட்டது. 2023-இல் அது எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்போது அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம். ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல பாடநூல்.

நோக்கியா தன் பழைய போன்களுக்குச் சொந்த இயங்குதளம் வைத்திருந்தது. 2003-இல் வந்த நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. டார்ச் விளக்கும் தூசி புகாத விசைப்பலகையும் கொண்ட அது நம் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருந்தது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து கோடிக்கணக்கான போன்கள் புறப்பட்டன. 2014 நவம்பரில் அங்கு உற்பத்தி நின்றது. பல்லாயிரம் இளைஞர்கள் வேலை செய்த இடம் அது. இன்று மலைத் தோட்டங்களில் ஏலக்காய் பறிக்கப்போகிறவர்களின் மடியில் இருக்கும் பழைய போன்களில் சில அங்கே பிறந்தவையாகவும் இருக்கலாம்.

இவற்றின் சிக்கனத்தையும் சொல்லவேண்டும். 2019-இல் வந்த நோக்கியா 105 மாதிரியின் நினைவகம் 4 மெகாபைட். இன்றைய மலிவான டச் போன் ஒன்றின் 4 ஜிகாபைட் அதைப்போல் ஆயிரம் மடங்கு!

பெரிய போனுக்குள் ஒரு சிறிய போன்

அப்படியானால் டச் போன் எப்படிப் பேசுகிறது? அதற்கும் டவரின் கெடு உண்டல்லவா? உண்டு. ஆண்ட்ராய்டு இந்தக் கெடுவைக் காப்பதில்லை. சில்லுக்குள் மோடம் என்ற தனிப் பகுதி இருக்கிறது. அதற்குத் தனிச் செயலி, தனி நிகழ்நேர இயங்குதளம். திரையில் படம் ஓடி ஓடித் திணறினாலும் பேச்சு அறுபடாமல் இருப்பது அதனால்தான். அதாவது, ஒவ்வொரு டச் போனுக்குள்ளும் ஒரு பட்டன் போன் ஒளிந்திருக்கிறது எனலாம். பழையது அழியவில்லை, உள்ளே போய்விட்டது.

ஆனால் வெளியே இருக்கும் பட்டன் போனுக்கு ஓர் ஆபத்து உண்டு. அது பேசுவதற்கு இரண்டாம் தலைமுறை டவர் வேண்டும். சிங்கப்பூரில் 2017-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா அதற்கு முந்திய ஆண்டே நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2016-இல் சேவை தொடங்கிய ஜியோவிடம் தொடக்கத்திலிருந்தே இரண்டாம் தலைமுறை கிடையாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவை அதனைத் தொடர்ந்து நடத்தி வருகின்றன. சேவை நின்றுவிட்டால், ஒரு திருகாணியும் கழலாத போன் ஊமையாகிவிடும். மோட்டார் கொட்டகையில் இருக்கும் ஜி.எஸ்.எம். ஸ்டார்ட்டருக்கும் அதே கதி. எனவே புதிதாக ஸ்டார்ட்டர் வாங்குகிற விவசாயி, நான்காம் தலைமுறைச் சேவையிலும் அது இயங்குமா என்று கேட்டு வாங்குவது நலம். பட்டன் போன் வாங்குகிறவர்களுக்கும் இதுவே சொல்வேன். 2021-இல் வந்த நோக்கியா 110 4ஜி போன்ற மாதிரிகள், பழைய வகை நிகழ்நேர இயங்குதளத்துடனேயே நான்காம் தலைமுறை டவருடன் பேசுகின்றன. பணம் அனுப்புவதற்கும் இப்போது டச் போன் கட்டாயமில்லை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123பே, இணையம் இல்லாத போன்களுக்காகவே வந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டாம் தலைமுறைப் பட்டன் போன் ஒன்றைப் பழைய ஒலிபெருக்கி அல்லது வானொலியின் அருகே வைத்து, யாரையேனும் அழைத்துப் பேசுங்கள். தொடக்கத்தில் ‘டிட் டிடிட்’ என்றும், பேச்சு நடக்கையில் தொடர்ந்த ரீங்காரமாகவும் கேட்கும். அந்த ரீங்காரத்தைப் பதிவு செய்து அதன் அதிர்வெண்ணை அளவுங்கள். 217 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். 1-ஐ 217-ஆல் வகுத்தால் 0.0046 விநாடி. ஐந்நூறு ரூபாய்ப் பொருளும் இல்லாமல், உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு காலச் சுற்றை நீங்களே அளந்துவிட்டீர்கள்! டவருக்கு மிக அருகில் இருந்தால் போன் தன் வீச்சைக் குறைத்துக்கொள்ளும், இரைச்சலும் குறையும். வீட்டின் உட்புறம் போய்ச் செய்து பாருங்கள்.

எங்கள் ஆய்வகத்திலும் அன்று இதைச் செய்தோம். கரும்பலகையில் 217 என்று எழுதியதும், அந்த மாணவர் போனைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைச் சனிக்கிழமை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், சார்” என்றார். அடுத்த வாரம் அவரிடம் போனே இல்லை. தந்தை இரவில் தோட்டத்துக்கு நடப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.